முதியோரைச் சந்திக்கப் போகும் சமூகப்பணி மாணவர்களுக்கு

மாணவர்களைக் களப்பணிக்கு அனுப்பும் முன், கேள்வித்தாளை விடப் பேசும் முறையைப் பழக்குங்கள். வயதானால் கீச்சென்ற ஒலிகள்தான் முதலில் கேட்காமல் போகும். கத்துவதால் பெரிய பயனில்லை. முகம் தெரியும்படி எதிரே உட்கார்ந்து, குரலின் சுருதியைத் தாழ்த்தி நிதானமாகப் பேச வேண்டும். மகனோ மருமகளோ பக்கத்தில் இருந்தாலும் கேள்வி பெரியவரிடமே போகட்டும். கொஞ்ச நேரமாவது தனியாகப் பேச வேண்டும். வீட்டில் கொடுமை நடந்தால் பெரும்பாலும் அப்போதுதான் வாய் திறப்பார்கள்.

அப்புறம், 14567 என்ற முதியோர் உதவி எண்ணும், 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமும் மாணவர்களுக்கு அத்துப்படியாக இருக்க வேண்டும். அந்தச் சட்டப்படி பராமரிப்புக் கேட்டுத் தானே மனு கொடுக்க இயலாத பெரியவர் அனுமதித்தால், அவர் சார்பில் வேறொருவரோ ஓர் அமைப்போ கொடுக்கலாம். தமிழ்நாட்டில் அதற்கு வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்தை அணுக வேண்டும்.