டிரிப் காபி மேக்கர் வாங்கும் முன்

தானே தண்ணீரைச் சூடாக்கி, வடிதாளில் இருக்கும் தூளின்மேல் சொட்டவிட்டுக் காபி இறக்கும் மின் இயந்திரம்தான் டிரிப் காபி மேக்கர். அதன் பெரிய வசதி, பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை என்பதுதான். தண்ணீரும் தூளும் போட்டுப் பொத்தானை அழுத்தினால், பத்து நிமிடத்தில் ஐந்தாறு பேருக்குக் காபி இறங்கிவிடும். ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 60 கிராம் தூள் போதும். தூள் மணல்போலக் கரகரவென்று இருக்க வேண்டும். மாவாக அரைத்ததைப் போட்டால் வடிதாள் அடைத்துக்கொண்டு விளிம்பில் வழியும்.

குறை, அடியில் இருக்கும் சூட்டுத் தட்டு. அரை மணி நேரம் அதன்மேல் இருந்த காபி கசந்துவிடும். எனக்கு அதைக் குடிக்க மனமே வருவதில்லை. இறங்கியவுடன் பிளாஸ்கில் ஊற்றிவிடுங்கள். சில இயந்திரங்களில் தண்ணீர் போதிய அளவு சூடாவதில்லை. 90 முதல் 96 டிகிரி செல்சியஸ் வரை வேண்டும். இல்லாவிட்டால் சாரம் முழுதாக இறங்காமல் காபி புளிப்படிக்கும். ஒருவர் மட்டும் குடிக்கும் வீட்டுக்கு இது தேவையே இல்லை.

சொட்டும் வேகம் குறைந்து, இயந்திரம் வழக்கத்தைவிட இரைந்தால் உள்ளே உப்பு படிந்திருக்கிறது. வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து ஒருமுறை ஓட்டுங்கள். பிறகு வெறும் தண்ணீரை இரண்டு முறை ஓட்டினால் வாடை போய்விடும்.