உருவச் சிற்பத்தையும் இன்ஸ்டலேஷனையும் ஒரே வகுப்பில் சொல்லிக்கொடுப்பது எப்படி?

டிசைன் வகுப்புகளில் உருவச் சிற்பம் ஒரு பருவம், நிறுவல் கலை, அதாவது ஒரு இடத்தையே படைப்பாக்கிப் பார்வையாளரை அதற்குள் இழுக்கும் இன்ஸ்டலேஷன், இன்னொரு பருவம் என்று பிரித்து வைப்பதுண்டு. பிரிக்காதீர்கள். பார்க்கிறவர் எங்கே நிற்பார் என்பது முடிவானதுமே உருவத்தின் தலை எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எந்தப் பகுதிக்கு அதிகம் மெனக்கெட வேண்டும் என்பதெல்லாம் பாதி முடிவாகிவிடும். களிமண்ணை இதுவரை தொட்டே பார்க்காத மாணவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

1. முதலில் இடம்

களிமண் பொட்டலத்தை இப்போது பிரிக்கவே வேண்டாம். படிக்கட்டின் அடி, ஜன்னல் விளிம்பு, அறை மூலை என்று ஆளுக்கோர் இடம் பிடித்து, உருவம் நிற்குமிடத்தையும் பார்ப்பவர் நிற்குமிடத்தையும் மாஸ்கிங் டேப் ஒட்டிக் குறிக்கச் சொல்லுங்கள். 30 செ.மீ. உருவத்தைத் தரையில் வைத்தால் நிற்கிறவர் கண்ணுக்கு உச்சந்தலையும் தோளும்தான் தெரியும், அதையே அலமாரி உயரத்துக்கு ஏற்றினால் முகத்துக்கு முகம் வந்துவிடும். பிரிட்டிஷ் சிற்பி ஆண்டனி கோர்ம்லி 1993இல் பிரிட்டனில் பலரைச் சேர்த்துச் செய்த ‘ஃபீல்டு’ என்ற நிறுவலின் போட்டோக்களை இங்கே காட்டலாம். சுமார் 40,000 குட்டிக் களிமண் உருவங்கள், கண்ணுக்கு இரண்டே இரண்டு குழி, மற்றபடி முகமே கிடையாது. அறையை அடைத்துக்கொண்டு நிற்பதால் நாம் உள்ளே போக முடியாது, வாசலில் நின்றபடி அத்தனை பேரும் நம்மையே பார்ப்பதைத் தாங்கிக்கொள்ள வேண்டியதுதான்!

2. கம்பிச் சட்டகம்

மண்ணை உள்ளிருந்து தாங்கும் எலும்புக்கூடு இது; 3 மி.மீ. அலுமினியக் கம்பி, குறடு, அடிப்பலகை போதும். மனித உடலைத் தோராயமாக ஏழரைத் தலை உயரம் என்று கணக்கு வைத்துக்கொண்டால், 30 செ.மீ. உருவத்துக்குத் தலை 4 செ.மீ. வரும். கால் பிரியும் இடம் ஏறக்குறைய நடுவில், அதாவது 15 செ.மீ.யில். கம்பி மேல் மெல்லிய கம்பியைச் சுற்றிவிடுங்கள், இல்லையென்றால் மண் வழுக்கி இறங்கிவிடும். வெட்டும்போது துண்டு தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்வது கட்டாயம்.

3. எடை எந்தக் காலில்?

நேரம் போனாலும் பரவாயில்லை, இதில் அவசரப்படாதீர்கள். புதியவர்கள் செய்கிற உருவம் பெரும்பாலும் காவலுக்கு நிற்கிற மாதிரி இரண்டு காலிலும் சமமாக விறைத்து நிற்கும், அப்புறம் அதற்கு என்னதான் அழகான மூக்கு வைத்தாலும் உயிர் வராது. எல்லோரையும் எழுப்பி, வலது காலில் மட்டும் பாரத்தைப் போட்டு இடது முழங்காலைத் தளர்த்தி, இரண்டு கைகளையும் இடுப்பெலும்பின் மேல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வலது இடுப்பு மேலே ஏறும், இயல்பாக நின்றால் வலது தோள் கொஞ்சம் இறங்கும், நடுவில் முதுகுத்தண்டு மெல்ல வளையும். இப்போது தொண்டைக்குழியிலிருந்து ஒரு நூலில் ஏதாவது கனமானதைக் கட்டித் தொங்கவிட்டால், அது பாரம் தாங்கும் காலின் கணுக்கால் அருகே வந்து நிற்கும். இதே சோதனையைக் கம்பி உருவத்திலும் செய்து பாருங்கள். நூல் விலகிப் போனால் மண் வைக்குமுன் கம்பியை வளைத்துத் திருத்த வேண்டும். கிரேக்கச் சிற்பி பாலிகிளீடஸ் கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே ஈட்டி ஏந்தியவன் சிலையில் செய்து காட்டியது இந்த நிற்பைத்தான்.

4. மண் வைப்பது

தண்ணீருக்குப் பதில் எண்ணெய் கலந்து குழைத்த எண்ணெய்க் களிமண்ணே நல்லது. தண்ணீர்க் களிமண் காயும்போது சுருங்கும், உள்ளே இருக்கும் கம்பி சுருங்காது, கடைசியில் விரிசல்தான் மிச்சம். தலை, மார்புக்கூடு, இடுப்பு என மூன்று கட்டிகளை அதனதன் சாய்வோடு வைத்துவிட்டுப் பிறகு கை கால்களைச் சேர்க்கட்டும். பலகையை அடிக்கடி கால்வாசிச் சுற்று திருப்பச் சொல்லுங்கள், முன்பக்கத்தையே பார்த்துச் செய்தால் முதுகு தட்டையாகிவிடும். விரல், கண்ணிமையெல்லாம் பார்ப்பவர் நிற்கும் தூரத்திலிருந்து தெரிந்தால் மட்டும்.

5. நிறுவுவது

டேப் ஒட்டிய இடத்துக்குத் திரும்புங்கள். அறை விளக்குகளை அணைத்துவிட்டு ஒரே ஒரு விளக்கைத் தாழ்வாக வைத்தால் நிழல் சுவரில் நீண்டு ஏறும், சின்ன உருவம் திடீரென்று பெரிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஐந்தாறு பேரின் உருவங்களைச் சேர்த்தும் பாருங்கள். எல்லாம் ஒரே பக்கம் பார்த்தால் கூட்டம், ஒன்று மட்டும் திரும்பி நின்றால் கதை. ஆட்கள் நடக்கும் இடத்துக்கு மேலே எதையும் தொங்கவிட வேண்டாம்.

6. பார்க்கவிடுவது

செய்தவர் வாயைத் திறக்கக் கூடாது, இது என் வகுப்பில் கண்டிப்பான விதி. வெளியிலிருந்து யாரையாவது அழைத்து வந்து, அவர் எங்கே நிற்கிறார், குனிகிறாரா, பின்பக்கம் போகிறாரா என்று மட்டும் செய்தவர் குறித்துக்கொள்ளட்டும். டேப் குறி ஓரிடத்திலும் ஆள் வேறிடத்திலும் நின்றால் உருவத்தைத் திருப்பியோ உயர்த்தியோ மறுபடி ஒருவரை அழைத்து வாருங்கள். போட்டோ எடுத்ததும் மண்ணைக் கம்பியிலிருந்து உரித்து எடுத்துவைத்துவிடலாம், எண்ணெய்க் களிமண் காயாது, அடுத்த பிரிவு மாணவர்களுக்கு அப்படியே ஆகும்.