திரையே இல்லாத சர்வரில் ஜன்னல் திறக்க

பில்களை அச்சுக்குத் தயாராக்கும் பழைய ஜாவா நிரல் ஒன்று எங்களிடம் உண்டு. ஜன்னல் திறக்காமல் அதற்கு வேலையே ஓடாது. வாடகை உபுண்டு சர்வருக்கு அதை மாற்றியதும், எக்ஸ்11 (லினக்ஸில் ஜன்னல்களை வரையும் அமைப்பு) எந்தத் திரையில் வரைய வேண்டும் என்று சொல்லும் 'டிஸ்ப்ளே' என்ற மாறி அமைக்கப்படவில்லை என்று சொல்லி நின்றுவிட்டது. திரையில்லாமல் ஜாவாவை ஓட்டும் ஹெட்லெஸ் முறையும் உதவாது, அதில் ஜன்னலுக்கே அனுமதியில்லை.

கைகொடுத்தது எக்ஸ்விஎஃப்பி. இதுவும் முழுமையான எக்ஸ் சர்வர்தான், அதாவது ஜன்னல்களை வரையும் மென்பொருள். ஆனால் மானிட்டருக்குப் பதில் நினைவகத்தில் வரைகிறது. 1920×1080 அளவில், 24 பிட் வண்ணத்தில் திரைக்கு ஏறத்தாழ 8 எம்பி போகும், அவ்வளவே. நிரலை எக்ஸ்விஎஃப்பி-ரன் வழியாகத் தொடங்கினால் டிஸ்ப்ளே மாறியை அதுவே அமைத்துவிடும். இயல்பாக 99ஆம் டிஸ்ப்ளே எண்ணை எடுக்கும். முந்தைய ஓட்டம் பாதியில் செத்து, அந்த எண் பயன்பாட்டில் இருப்பதாகக் காட்டும் பூட்டுக் கோப்பு டெம்ப் அடைவில் மிஞ்சியிருந்தால் தகராறு வரலாம். சிறிய 'ஏ' விருப்பத்தைச் சேர்த்தால் காலியான வேறு எண்ணைத் தேடிக்கொள்ளும்.

அப்புறமும் ஜன்னல் வரவில்லை. சர்வரில் இருந்தது ஹெட்லெஸ் ஜேஆர்இ (ஜேஆர்இ என்பது ஜாவா நிரல்களை ஓட்டும் தொகுப்பு). வரைகலை நூலகங்கள் அதில் கிடையாது. முழு ஜேஆர்இயை நிறுவியதும் ஓடியது.

சரி, முடிந்தது என்றால் பில்லில் தமிழ்ப் பெயர்களெல்லாம் வெறும் கட்டங்கள்! சர்வரில் தமிழ் எழுத்துருவை யார் போட்டு வைக்கப் போகிறார்கள்? லோகித் தமிழை நிறுவினேன். தொலைவிலிருந்து திரையைப் பார்க்க உதவும் எக்ஸ்11விஎன்சியை அதே டிஸ்ப்ளேயில் இணைத்து, என் மடிக்கணினியிலிருந்தே ஜன்னலைப் பார்த்தேன். எழுத்துகள் சரியாக இருந்தன. இப்போது இரவில், குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கும் கிரான் நிரலை ஓட்டுகிறது.