சர்வர் திணறினால் உடனே ரீஸ்டார்ட் செய்யாதீர்கள்

தளம் திறக்கவில்லை என்று போன் வரும். லாகின் செய்து, எந்த ப்ராசஸ் (ஓடும் நிரல்) எவ்வளவு சிபியு தின்கிறது என்று காட்டும் டாப் கமாண்டை ஓட்டினால், அப்பாச்சி என்ற வெப் சர்வரின் ப்ராசஸ்கள் நாலைந்து ஆளுக்கு ஒரு சிபியு கோரைப் பிடித்துக்கொண்டு 99 சதவீதத்தில் நிற்கும். கை தன்னால் ரீஸ்டார்ட் கமாண்டை அடித்துவிடும். இரண்டே நிமிடத்தில் தளம் ஓடும். மறுநாள் அதே நேரத்துக்கு அதே போன்.

நானும் வெகுகாலம் இப்படித்தான் ஓட்டினேன். ரீஸ்டார்ட்டில் கோளாறு போகிறதோ இல்லையோ, தடயம் போய்விடும். "ஆக்சஸ் லாகில் பார்த்துக்கொள்ளலாமே" என்று தோன்றும். அங்கே இருக்காது. அப்பாச்சி ஒரு ரிக்வெஸ்ட் முடிந்த பிறகுதான் அதற்கான வரியை லாகில் எழுதும். நடுவில் தொங்கியதைக் கொன்றுவிட்டால் அந்த யூஆர்எல் எங்கும் பதிவாகாமலே போகலாம். எது வந்து சிக்கியது என்பதற்கு அந்த ப்ராசஸ்தான் ஒரே சாட்சி. சாட்சியைத் தீர்த்துக் கட்டிவிட்டு விசாரணை நடத்த முடியாது.

ஆகவே கொல்வதற்கு முன் இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் டாப் காட்டும் ப்ராசஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு, அப்பாச்சியின் சர்வர் ஸ்டேட்டஸ் பக்கத்தில் அதே எண்ணைத் தேடுங்கள். எந்த யூஆர்எல், எந்த ஐபி, ரிக்வெஸ்ட் தொடங்கி எத்தனை விநாடி என்பதெல்லாம் அதே வரியில் இருக்கும். ப்ரௌசரில் அந்தப் பக்கம் திறக்காது, எல்லா வொர்க்கரும் (ரிக்வெஸ்ட்டைக் கவனிக்கும் ப்ராசஸ்) மாட்டியிருக்கும்போது அதற்குப் பதில் சொல்லவும் ஆள் இருக்காது. அதனால் நிமிடத்துக்கு ஒருமுறை அதை ஒரு ஃபைலில் சேமிக்கும் க்ரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) ஒன்றை முன்கூட்டியே போட்டு வைப்பது என் வழக்கம்.

அடுத்து, அந்த எண்ணைக் கொடுத்து, ப்ராசஸ் கெர்னலிடம் (லினக்ஸின் மையப் பகுதி) கேட்பதையெல்லாம் வரி வரியாகக் காட்டும் எஸ்டிரேஸ் என்ற கருவியை ஒரு பத்து விநாடி ஓட்டுங்கள். அதற்கு மேல் வேண்டாம், அது ப்ராசஸை மேலும் மெதுவாக்கும். திரையில் ஒரு வரிகூட வராமல் சிபியு மட்டும் எகிறினால், ப்ராசஸ் கெர்னலிடம் எதுவுமே கேட்காமல் தனக்குள்ளேயே சுற்றுகிறது: முடிவில்லாத லூப் அல்லது சிக்கிய ரெகெக்ஸ் (எழுத்துகளில் ஒரு வடிவத்தைத் தேடும் சூத்திரம்). பாதி வரியோடு, உதாரணமாக ரீட் என்று தொடங்கி முடியாமல் நின்றால், யாருடைய பதிலுக்காகவோ காத்திருக்கிறது, அது சிபியுவைத் தின்னாது. ஒரே வரி அருவி மாதிரி கொட்டினால் அந்த வரியையே படியுங்கள், பெரும்பாலும் விடை அதில்தான்.

எனக்கு ஒருமுறை அப்படித்தான் கிடைத்தது. வேறொரு சர்வரிலிருந்து ஃபைலை இழுக்கும் பழைய பிஎச்பி ஸ்கிரிப்ட். ஃபைலைத் திற, கடைசி வரும்வரை வரி வரியாகப் படி, அவ்வளவுதான் அதன் வேலை. அந்தப் பக்கம் ஃபைல் இல்லாத நாளில் ஃபைலைத் திறக்கும் எஃப்ஓப்பன் ஃபங்ஷன் ஃபால்ஸ் (முடியவில்லை) என்று திருப்பியது. அதை யாரும் சோதிக்கவில்லை. திறக்காத ஃபைலுக்குக் கடைசி ஏது? லூப் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் எரர் லாகில் ஒரு வார்னிங். எஸ்டிரேஸில் கொட்டியது அந்த வார்னிங்தான்: ரிசோர்ஸ் (திறந்த ஃபைல்) எதிர்பார்த்தேன், பூலியன் (அந்த ஃபால்ஸ்) கிடைத்தது என்று. சிபியு ஒரு பக்கம் போக, டிஸ்க்கும் நிரம்பிக்கொண்டிருந்தது. பிஎச்பி 8-இல் இதே கோடு டைப் எரர் போட்டு நின்றுவிடும். 5, 7 பதிப்புகளில் நிற்காது.

ஒரு ஸ்கிரிப்ட் 30 விநாடிதான் ஓடலாம் என்று பிஎச்பியில் இயல்பாக இருக்கும் வரம்பு இதை ஏன் பிடிக்கவில்லை? இறக்குமதிக்கு நேரமாகும் என்று யாரோ ஒரு புண்ணியவான் ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே வரம்பை 0 ஆக்கியிருந்தார். 0 என்றால் வரம்பே இல்லை.

அந்த வரம்பைப் பற்றி இன்னொரு தப்பெண்ணமும் உண்டு. லினக்ஸில் பிஎச்பியின் மேக்ஸ் எக்ஸிகியூஷன் டைம் கடிகார நேரத்தை அளப்பதில்லை. ஸ்கிரிப்ட் தானே ஓடிய நேரம் மட்டும்தான் கணக்கு. டேட்டாபேஸுக்காக ஐந்து நிமிடம் காத்திருந்தாலும் 30 விநாடி கடந்ததாக அது நினைக்காது. கடிகாரப்படி வெட்ட வேண்டுமென்றால் பிஎச்பியைத் தனி ப்ராசஸ்களாக ஓட்டும் பிஎச்பி எஃப்பிஎம்மில் ரிக்வெஸ்ட் டெர்மினேட் டைம்அவுட் என்ற தனி அமைப்பு இருக்கிறது. பக்கத்திலேயே ஸ்லோலாகும் உண்டு. குறித்த விநாடியைத் தாண்டிய ரிக்வெஸ்ட் அந்த நொடியில் எந்த ஃபங்ஷனில் நிற்கிறது என்று எழுதி வைக்கும். இயல்பில் அணைந்தே இருக்கும், இன்றே ஐந்து விநாடிக்கு வைத்துவிடுங்கள்.

பயனர் ப்ரௌசரை மூடினால் ஸ்கிரிப்ட்டும் முடிந்துவிடும் என்று நம்புவதும் தவறு. எதையாவது வெளியே அனுப்ப முயலும்போதுதான் எதிர்முனை போய்விட்டது பிஎச்பிக்குத் தெரியவரும். பேசாமல் லூப்பில் சுற்றுவதற்குத் தெரியவே தெரியாது. அப்பாச்சிக்கு முன்னால் நின்று ரிக்வெஸ்ட்டை வாங்கிக் கொடுக்கும் என்ஜின்எக்ஸ் இயல்பாக 60 விநாடி பார்த்துவிட்டு, பதில் வரவில்லை என்ற 504 எரரைக் காட்டும், பின்னால் வேலை நடந்துகொண்டே இருக்கும். பயனர் பொறுமையில்லாமல் ரிஃப்ரெஷ் தட்டுவார். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும்.

இந்த நேரத்தில்தான் பலர் வொர்க்கர் எண்ணிக்கையை ஏற்றுவார்கள். எரிகிற வீட்டுக்கு இன்னும் கதவு வைக்கிற வேலை. ரிக்வெஸ்ட்டுக்கு ஒரு ப்ராசஸ் என்று அப்பாச்சி ஓடும் ப்ரீஃபோர்க் முறையில் இயல்பான உச்சம் 256. ஒரு ப்ராசஸ் 60 எம்பி எடுத்தால் மொத்தம் 15 ஜிபி. 4 ஜிபி ரேம் உள்ள சர்வரில் அதைத் தாராளமாக விட்டால் ஸ்வாப் (ரேமில் இடமில்லாததை டிஸ்க்குக்கு மாற்றுவது) தொடங்கும், அப்புறம் டாப் பட்டியலின் உச்சியில் அந்த வேலையைச் செய்யும் கேஸ்வாப்டி வந்து உட்காரும். குறைப்பதுதான் பெரும்பாலும் மருந்து.

இத்தனை ரிக்வெஸ்ட்டுக்குப் பிறகு ப்ராசஸைப் புதுப்பி என்ற அமைப்பும் இங்கே உதவாது. அது மெமரி கசிவுக்கு நல்லது. சிக்கிய ப்ராசஸோ இருக்கும் ரிக்வெஸ்ட்டையே முடிக்காது, எண்ணிக்கை எப்படி ஏறும்?

லோட் ஆவரேஜ் (ஓடும், காத்திருக்கும் ப்ராசஸ்களின் சராசரி எண்ணிக்கை) 40 என்றதும் சிபியு என்று முடிவு கட்டாதீர்கள். லினக்ஸ் டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் ப்ராசஸையும் லோடில் சேர்க்கும். டாப்பின் மூன்றாவது வரியில் டபிள்யூஏ (டிஸ்க்குக்காகக் காத்திருந்த நேரம்) எகிறியிருந்தால் டிஸ்க்கைப் பாருங்கள். எஸ்டி எகிறியிருந்தால் குற்றம் உங்களுடையதே அல்ல, விர்ச்சுவல் மெஷினின் பங்கை ஹோஸ்ட் பிடுங்குகிறது.

ரெகெக்ஸை யாரும் சந்தேகிப்பதில்லை. நிரலாளர்களின் கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2016 ஜூலை 20 அன்று 34 நிமிடம் கிடையில் கிடந்தது, வரியின் முனையில் உள்ள வெற்றிடத்தை நீக்கும் ஒரு சாதாரண ரெகெக்ஸால். ஒரு பதிவில் சுமார் 20,000 வெற்றிடங்கள் தொடர்ச்சியாக இருந்தன. கடைசியில் வேறொரு எழுத்து வந்ததால், ஒவ்வொரு வெற்றிடத்திலிருந்தும் மறுபடி மறுபடி தொடங்கிப் பார்த்து, ஏறக்குறைய 20 கோடி சோதனை. பல தளங்களுக்கு முன்னால் நின்று காக்கும் கிளவுட்ஃப்ளேர் 2019 ஜூலை 2 அன்று 27 நிமிடம் முடங்கியதும் ஃபயர்வால் விதியில் சேர்த்த ஒரு ரெகெக்ஸால்தான். பிஎச்பியில் பேக்டிராக் (ரெகெக்ஸ் பின்வாங்கி மறுபடி முயல்வது) வரம்பு பத்து லட்சம். "மேட்ச் ஆகவில்லையே" என்று அதை உயர்த்தி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பாதுகாப்புக்கு இருந்த ஒரே கட்டையையும் பிடுங்கிவிட்டார்கள்.

சரி, தடயம் கிடைத்துவிட்டது, இப்போது கொல்லலாம். கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட் பயன்படாது, ஓடும் ரிக்வெஸ்ட் முடியட்டும் என்று அது காத்திருக்கும், சிக்கியது முடியாது. அந்த ஒரு ப்ராசஸுக்கு மட்டும் முதலில் வெறும் கில் (நின்றுவிடு என்ற வேண்டுகோள்), அசையாவிட்டால் கில் மைனஸ் நைன் (கட்டாய நிறுத்தம்). ரூட் பெயரில் ஓடும் தாய் ப்ராசஸைத் தொட்டுவிடாதீர்கள், பிள்ளைகள் 80-ஆம் போர்ட்டை விடாமல் பிடித்துக்கொண்டு புது அப்பாச்சியை எழவிடாமல் செய்யலாம். டாப்பில் நிலை டி (டிஸ்க் போன்றவற்றின் பதிலுக்காக எழுப்ப முடியாத உறக்கம்) என்று இருந்தால் கில் மைனஸ் நைனும் பெரும்பாலும் வேலை செய்யாது. அப்போது அந்த ப்ராசஸை விட்டுவிட்டு, பதில் சொல்லாமல் கிடக்கும் டிஸ்க்கையோ நெட்வொர்க் மவுண்ட்டையோ தேடிப் போங்கள்.