ஜாயின்டரில் ரேபட் வெட்டும் முறை

பலகையின் ஓரத்தில் நீளவாக்கில் படி போல எடுக்கப்படும் வெட்டுக்கு ரேபட் என்று பெயர். இதை ஜாயின்டரில் (சுழலும் கத்தி உருளையால் பலகையை இழைத்து நேராக்கும் இயந்திரம்) வெட்டினால் படியின் அடிப்பரப்பு இழைத்தது போலவே வழுவழுப்பாக வரும். ஆனால் பெரும்பாலான ஜாயின்டர்களில், பலகைக்கு வழிவிடுவதற்காகக் கத்தியின் மேலுள்ள காப்புமூடியைக் கழற்ற வேண்டியிருக்கிறது. கீழே சொல்லும் ஏற்பாடுகளில் பலவும் அந்த இழப்பை ஈடுகட்டுவதற்கானவை.

முதலில், உங்கள் இயந்திரம் இவ்வேலைக்கு ஏற்றதுதானா என்று கையேட்டில் பாருங்கள். கத்திக்கு முன்னால் பலகையைத் தாங்கும் முன்மேசையின் பக்கவாட்டில், பலகையின் வெட்டப்படாத பகுதியைத் தாங்கும் நீட்சி இருக்க வேண்டும். அது இல்லாத இயந்திரத்தில் முயலவே கூடாது. சிறு சதுரக் கத்திகள் பதித்த சுருள் உருளைகளில் பலவற்றுக்குப் பக்கவாட்டில் வெட்டும் விளிம்பு இராது என்பதால், அவையும் இதற்குப் பொருந்துவதில்லை.

மின்செருகியைப் பிடுங்கிய பிறகே அமைப்பைத் தொடங்குங்கள். நீள் கத்திகளின் முனைகள் அனைத்தும் ஒரே கோட்டில், உருளையின் விளிம்பைவிடவும், கத்தியைத் தாண்டிய பலகையைத் தாங்கும் பின்மேசையின் விளிம்பைவிடவும் மயிரிழை அளவு வெளியே நீண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பலகையின் தோள் (படியின் செங்குத்துப் பக்கம்) பின்மேசையில் உரசி நின்றுவிடும், அப்போது கை தானாகவே அதிகமாக அழுத்தும், விபத்துக்கு அதுவே வாசல். கத்தியின் வெளிமுனையிலிருந்து, பலகையைப் பக்கவாட்டில் அணைத்து வழிநடத்தும் வேலித்தகடு வரையிலான தூரமே ரேபட்டின் அகலம். ஆகவே, தேவையான அகலத்துக்கு மேல் கத்தி வெளியே தெரியாதபடி தகட்டை நகர்த்தி, இறுக்கமாகப் பூட்டுங்கள்.

ஆழத்தை முன்மேசையை இறக்கித்தான் பெறுகிறோம். பல இயந்திரங்களில் 12 மி.மீ. ஆழம் வரை வெட்டலாம் என்றாலும், ஒரே ஓட்டத்தில் அதை எடுக்க முயலாமல், ஒவ்வொரு முறையும் 2 அல்லது 3 மி.மீ. மட்டும் இறக்கிச் சில ஓட்டங்களில் முடியுங்கள். கடினமான மரமானால் இன்னும் குறைவாக.

பலகை முடிச்சின்றி, ஆணியின்றி, நேராக இழைக்கப்பட்டதாக இருக்கட்டும். 300 மி.மீ.க்குக் குறைந்த துண்டுகளையும், நாருக்குக் குறுக்கான முனைகளையும் இதில் வெட்ட வேண்டாம். அவற்றுக்கு ரூட்டர் மேசையே (சுழலும் சிறு வெட்டுமுனை கீழிருந்து நீண்டிருக்கும் மேசை) மேல்.

இயந்திரம் முழு வேகத்தை எட்டிய பிறகு, பலகையை வேலித்தகட்டோடும் மேசையோடும் ஒட்டி, நிறுத்தாமல் நிதானமாகத் தள்ளுங்கள். தள்ளுகட்டையைப் பலகையின் பின்முனையில் கொக்கி போலப் பிடிக்கும்படி வையுங்கள். கைகள் கத்திக்கு மேலே செல்லக் கூடாது. பலகையின் பின்னால் நேராக நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில் நில்லுங்கள். பலகை மேலிருக்கும்வரை கத்தி மறைந்திருக்கும். முன்முனை நுழையும் நொடியிலும் பின்முனை விலகும் நொடியிலும்தான் அது திறந்து நிற்கிறது. பாதி வழியில் சிக்கினால் பின்னுக்கு இழுக்காமல், அசையாமல் பிடித்தபடி இயந்திரத்தை நிறுத்துங்கள்.

கடைசிப் பலகை முடிந்ததும், சுவிட்சை அணைத்து, உருளை முழுவதும் நின்று, செருகியைப் பிடுங்கிய பின் காப்புமூடியை அப்போதே மாட்டிவிடுங்கள்.