ஹேங் ஆகும் கம்ப்யூட்டரும் அவசரப்படும் கையும்

கம்ப்யூட்டர் அடிக்கடி ஹேங் ஆனால் முதலில் கை போவது ஃபார்மேட்டுக்குத்தான். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து விண்டோஸைப் புதிதாக ஏற்றி, டிரைவர் எல்லாம் போட்டு முடித்த அன்று மாலையே திரை மறுபடி அப்படியே நிற்கும். கோளாறு வன்பொருளில் இருந்தால் வேறென்ன நடக்கும்? ஃபார்மேட்டுக்கு முன் ஒரு சின்ன சோதனை செய்யலாம். டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு, பென் டிரைவிலிருந்து ஏதாவது ஒரு லினக்ஸை நேரடியாக ஓட்டிப் பாருங்கள். அதிலும் நின்றால் விண்டோஸையும் டிஸ்க்கையும் விட்டுவிடலாம். நிற்கவில்லை என்றால் சந்தேகம் அந்த இரண்டின் பக்கம் சாய்கிறது.

அடுத்த தவறு, எப்படி நிற்கிறது என்று பார்க்காமலே பவர் பட்டனை அழுத்துவது. அந்த நொடியில் கேப்ஸ் லாக்கைத் தட்டுங்கள். விளக்கு மாறி மாறி எரிகிறது, மவுஸும் நகர்கிறது, ஆனால் எதைக் கிளிக் செய்தாலும் அசைவில்லை. அரை நிமிடம் கழித்து, செய்த கிளிக் எல்லாம் ஒன்றாக வேலை செய்கிறது. இது பெரும்பாலும் டிஸ்க். விளக்கு மாறவில்லை, மவுஸ் செத்துவிட்டது, ஓடிக்கொண்டிருந்த பாட்டு ஒரே இடத்தில் ட்ர்ர்ர் என்று இழுக்கிறது என்றால் ராம், கிராபிக்ஸ் கார்டு, பிராசஸர், மதர்போர்டு, மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் என்று அந்தப் பக்கம் தேட வேண்டும்.

ஹேங் என்றதும், பிராசஸரின் சூட்டைக் கடத்தப் பூசும் தெர்மல் பேஸ்ட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் உண்டு. பிராசஸர் சூடேறினால் முதலில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பல மாடல்களில் இந்த எல்லை 95 முதல் 100 டிகிரி செல்சியஸ். அதையும் மீறினால் சிஸ்டம் சட்டென்று அணைந்துவிடும். வெப்பநிலையைப் பார்க்க இலவச மென்பொருள் இருக்கிறது, பார்த்துவிட்டுப் பேஸ்ட்டை எடுங்கள்.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் சிவப்பாக ‘கெர்னல் பவர் 41’ என்று பார்த்ததும் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று முடிவு கட்டுவதும் இதே ரகம். சிஸ்டம் முறையாக மூடப்படாமல் மறுபடி கிளம்பியது என்பதைத் தவிர அந்த வரி வேறு எதுவும் சொல்லவில்லை. நீங்களே பட்டனை அழுத்தி அணைத்தாலும் அது வரும். அதற்குச் சற்று முன் பதிவானதைப் பாருங்கள். டிஸ்க் சம்பந்தமான 7, 129, 153 எண்கள் இருந்தாலோ, வன்பொருள் பிழைகளைப் பதியும் ‘வியா லாகர்’ (WHEA-Logger) என்ற பெயர் இருந்தாலோ அதுதான் உண்மையான துப்பு.

இவ்வளவும் சொல்கிற நானே ஒருமுறை நன்றாக மாட்டியிருக்கிறேன். என் பழைய சிஸ்டம் இரண்டு நாளுக்கு ஒருமுறை நிற்கும். ராம்தான் என்று முடிவு செய்து, கழற்றித் துடைத்து மாட்டினேன். நான்கு நாள் எந்தத் தொந்தரவும் இல்லை. ஐந்தாம் நாள் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறியது. புது ராம் வாங்கினேன். ஒரு வாரம் ஓடி, அதுவும் நின்றது. ஒவ்வொரு முறையும் மவுஸ் மட்டும் நகர்ந்துகொண்டிருந்ததை நான் கண்டுகொள்ளவே இல்லை. கடைசியில், டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் பட்டியலைத் திறந்தேன். சி7 என்ற வரியின் எண் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தது. டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே தகவல் சிதைந்த கணக்கு அது. பெரும்பாலும் கேபிள் கோளாறு. ராமைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் என் கை பட்டு சாட்டா கேபிள் சரியாக உட்கார்ந்திருக்கிறது, சில நாளில் மறுபடி தளர்ந்திருக்கிறது. கேபிளை மாற்றியதும் எண் ஏறுவது நின்றது. ஏறிய எண் இறங்காது என்பதால், மாற்றும் முன் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை நிற்கிற சிஸ்டம் இரண்டு நாள் ஓடிவிட்டதென்று கொண்டாட வேண்டாம். வழக்கமான இடைவெளியைப் போல மூன்று மடங்காவது காத்திருங்கள்.

அதே ஸ்மார்ட் பட்டியலில், டிஸ்க்கில் பழுதான இடங்களைக் கணக்கிடும் 05, சி5 வரிகளின் எண்கள் ஏறினால் டிஸ்க்கே போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போது, டிஸ்க்கைச் சோதிக்கும் விண்டோஸ் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டுவதுதான் பெரிய தவறு. சாகக் கிடக்கும் டிஸ்க்கை மூலை முடுக்கெல்லாம் படிக்கச் சொல்கிறோம், பாதியில் அது கண்ணை மூடிவிடலாம். முதலில் கோப்புகளை வேறு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். அப்புறம் எந்தச் சோதனையும் செய்யலாம்.

ராம் சோதனையில் அவசரமே எதிரி. ராமைச் சோதிக்கும் மென்பொருளான மெம்டெஸ்ட்86 பிளஸ்ஸை ஒரு சுற்று ஓட்டிவிட்டு நல்லது என்று சொல்லிவிட முடியாது. இரவு முழுக்க ஓடட்டும். ஒரே ஒரு எரர் வந்தாலும் அது எரர்தான். ஆனால் உடனே ராமைத் தூக்கிப் போடாமல், போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸில், ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பை அணைத்து மறுபடி ஓட்டுங்கள். வேகத்தைக் குறைத்ததும் சரியாகிவிட்டால் ராம் கெட்டுப்போகவில்லை, அந்த வேகம்தான் ஒத்துவரவில்லை. எரர் தொடர்ந்தால் ஒவ்வொரு குச்சியாக ஒரே ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். அழிரப்பரால் தங்கப் பூச்சைத் தேய்க்கிற பழக்கத்தை விட்டுவிடலாம். பூச்சு தேயும், தூள் ஸ்லாட்டுக்குள் விழும்.

ஹேங் ஆகும் சிஸ்டத்தில் பயாஸ் அப்டேட் போடுவது கத்தி மேல் நடப்பது. பாதியில் நின்றால் போர்டே கிளம்பாமல் போகலாம். இதற்கு ஒரு விலக்கு உண்டு. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் பலவற்றில் மின்னழுத்தக் கோளாறு இருந்து, 2024இல் அதற்கான திருத்தம் பயாஸ் அப்டேட்டாகத்தான் வந்தது. ஏற்கெனவே சேதமான பிராசஸரை அது குணப்படுத்தாது, மாற்றித்தான் ஆக வேண்டும்.

எஸ்எம்பிஎஸ்ஸில் கம்பியைச் செருகி ஃபேன் சுற்றுகிறது என்று காட்டுவார்கள். சுமை ஏறாத நேரத்தில் எதுவும் சுற்றும். 12 வோல்ட் பாதை 11.4க்கும் 12.6க்கும் இடையே இருக்க வேண்டும், அதுவும் சிஸ்டம் கனமாக வேலை செய்யும்போது. மல்டிமீட்டரில் எல்லாம் சரியாக இருந்தும் நொடிப்பொழுது சரிவு கண்ணில் படாமல் போகலாம் என்பதால், நன்றாக ஓடுகிற வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டிப் பார்ப்பதே நம்பகமான வழி. பழையதைத் திறந்து பார்க்க மட்டும் ஆசைப்படாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் ஆளை அடிக்கும் அளவுக்கு மின்சாரம் நிற்கும்.