பவுல் ஃபீடரின் நாபைத் திருகுவதற்கு முன்

அதிர்ந்து அதிர்ந்து ஸ்க்ரூவைச் சுற்றுப்பாதையில் (ட்ராக்) ஏற்றி ஒவ்வொன்றாக வெளியே அனுப்பும் கிண்ணம்தான் பவுல் ஃபீடர். அதில் ஸ்க்ரூ ஏறவில்லை என்றால் ஆபரேட்டர் முதலில் செய்வது, அதிர்வைக் கூட்டும் கன்ட்ரோலர் நாபைக் கடைசிவரை திருகுவதுதான். கோவை குறிச்சியில் நான் பராமரிப்பு பார்க்கும் பட்டறையில் எம்4 ஸ்க்ரூ ஊட்டும் பவுல் ஃபீடர் ஒன்று இப்படியே இரண்டு காயிலைத் (கிண்ணத்தை இழுத்து ஆட்டும் மின்காந்தச் சுருள்) தின்றது. மாற்றிப்போட்டதும் நான்தான். கோளாறு ஸ்பிரிங்கில் என்று புரிய மூன்றாவது காயில் தேவைப்பட்டது.

முதலில் கிண்ணத்தைக் காலி செய்து துடையுங்கள். ஸ்க்ரூவோடு வரும் துருத்தடுப்பு எண்ணெய் ட்ராக்கில் படிந்தால், ஸ்க்ரூ நின்ற இடத்திலேயே நடுங்கும், ஏறாது. உள்ளே பாலியூரித்தேன் பூச்சு இருந்தால் தின்னர் வேண்டாம். சோப்புத் தண்ணீர் நனைத்த துணியே போதும், ஈரம் காயட்டும். மறுபடி நிரப்பும்போது மூன்றில் ஒரு பங்கு போதும். அடிக்கடி கொட்டச் சோம்பல்பட்டு பெட்டியோடு கவிழ்ப்பவர்கள் எல்லாப் பட்டறையிலும் உண்டு.

அடுத்து காயிலுக்கும் அது இழுக்கும் இரும்புக்கும் நடுவே உள்ள இடைவெளி. மின்சாரத்தை அணைத்துவிட்டு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். எவ்வளவு என்பது ஃபீடருக்கு ஃபீடர் மாறும், தயாரிப்பாளர் சொன்ன அளவையே வையுங்கள். இடைவெளி குறைந்தால் இரும்பும் இரும்பும் டக்டக்கென்று மோதும். கூடினால் சத்தமே இருக்காது, மின்னோட்டம் ஏறிக் காயில் சுடும். முன்னது பரவாயில்லை, காதில் விழுந்துவிடும். எங்கள் இரண்டு காயிலும் போனது பின்னதில்தான்: நாப் உச்சத்தில், இடைவெளி அகலத்தில்.

இனி ஸ்பிரிங். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் காயில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை இழுக்கிறது. நொடிக்கு 100 அதிர்வு. கன்ட்ரோலர் பாதி அலையை வெட்டும் ரகமானால் 50. கிண்ணமும் அதைத் தாங்கும் பட்டை ஸ்பிரிங்குகளும் சேர்ந்து தாமாக ஆடும் வேகம் இதற்குக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும். ஸ்க்ரூ நிரம்பி எடை கூடும்போது அந்த வேகம் இறங்கும் அல்லவா, அதற்கு இடம் விடத்தான் இது.

சோதிப்பது எளிது. வழக்கமான அளவு ஸ்க்ரூ போட்டு ஃபீடரை ஓடவிடுங்கள். ஒரே ஒரு ஸ்பிரிங் கட்டின் கீழ் போல்ட்டை ஆலன் கீயால் மெல்லத் தளர்த்துங்கள். கை கீயில் மட்டும் இருக்கட்டும். ஓட்டம் வேகமெடுத்து அப்புறம் விழுந்தால், ஸ்பிரிங் விறைப்பு கூடுதல் பக்கம் இருக்கிறது. தளர்த்தியவுடனே விழுந்தால் விறைப்பு போதாது. வேகம் லேசாக மட்டும் கூடினால் சரி, அப்படியே இறுக்கிவிடலாம். நிறையக் கூடினால் ஒரு பட்டையைக் கழற்றுங்கள். விறைப்பு போதாவிட்டால் ஒன்று சேருங்கள், ஆனால் மெல்லியதாக: தடிமன் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகும். பட்டைகள் உரசாமல் நடுவே ஸ்பேசர் அவசியம். கழற்றிய கையோடு ஒவ்வொரு பட்டையையும் வெளிச்சத்தில் பாருங்கள். எங்களுடையதில் அடுக்குக்கு நடுவே இருந்த பட்டை மயிரிழையாக விரிசல் விட்டிருந்தது.

ஜெனரேட்டரில் ஓடும்போது மட்டும் ஸ்க்ரூ மந்தமாக வந்தால் ஸ்பிரிங்கில் கை வைக்காதீர்கள். அங்கே 50 ஹெர்ட்ஸ் 49க்கு இறங்கியிருக்கும், அவ்வளவுதான். அப்போது நாபை ஏற்றி வைப்பவர் கரண்ட் வந்ததும் இறக்க மறப்பார், ஸ்க்ரூ தரையெல்லாம் துள்ளும்.

வைப்பர் (தவறாக வரும் ஸ்க்ரூவைத் தட்டிவிடும் தகடு), ஸ்லாட் இரண்டையும் கடைசியில் தொடுங்கள். ஸ்லாட், அதாவது ஸ்க்ரூ தலையில் தொங்கி வரும் வழி, எங்களிடம் 4.3 மி.மீ. அகலம். படுத்து வருபவை கிண்ணத்துக்கே திரும்பி விழுவது கோளாறல்ல, ஃபீடரின் வேலையே அதுதான்.

எல்லாம் சரியானதும் நாபுக்குப் பக்கத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டேன். யாராவது கோட்டைத் தாண்டித் திருக வேண்டி வந்தால், திருகாமல் என்னைக் கூப்பிட வேண்டும் என்று பேச்சு.